மணம் எழுத வேண்டிய கட்டம்

என் கையெழுத்துக்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுத்துகள் காற்றடித்த வேலி மாதிரி ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும். பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. அந்த ஐந்தாம் வகுப்பிலும் பாதி நாள் கடற்கரையில்தான் நின்றேன். விளங்காத இடத்தை என்னிடம் கேட்டால் சொல்வேன். எழுதுவதைவிட நேரில் சொல்வது எனக்குக் கஷ்டம். ஆனாலும் சொல்வேன்.

எழுதச் சொன்னவர் ஜெனிற்றா. நான் பதினொரு வருடம் வேலை செய்த ஆய்வுகூடத்துக்கு இப்போது அவர்தான் பொறுப்பு. ஆய்வுகூடம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். மன்னார் நகரத்தில் ஒரு பழைய வீட்டின் இரண்டு அறைகள், அவ்வளவுதான். கிணற்றுத் தண்ணீரில் பூச்சிமருந்து கலந்திருக்கிறதா என்று காட்டும் சின்னத் தாள்களை அங்கே செய்தோம். ஊர் ஊராகக் கொண்டுபோய்த் தண்ணீர் பார்த்தோம். போன வருடம் என் கண்ணில் புரை விழுந்தது. மங்கல் நீலமும் வெள்ளையும் எனக்குப் பிரியாமல் போயிற்று. ஒருவரும் சொல்லாமலே வேலையை விட்டேன்.

இப்போது தாளைப் போனில் படம் எடுத்தால் போதுமாம், முடிவு வந்துவிடுமாம். "அண்ணை, இனிக் கண்ணால பாக்கத் தேவையில்லை. நீங்கள் முந்தி எப்பிடிச் செய்தனீங்கள் எண்டு ஒருக்கா எழுதித் தாங்கோ. புதுசா வந்த ஆக்கள் வாசிக்கட்டும்" என்று ஜெனிற்றா ஒரு கொப்பி தந்தார். அது ஆறு மாதம் என் அலுமாரியில் கிடந்தது. எடுப்பேன், ஒரு வரி எழுதுவேன், மூடிவைத்துவிட்டு எழும்பிக் கடற்கரைப் பக்கம் நடப்பேன். திரும்பி வந்து திரும்பவும் எடுப்பேன். எழுத வேண்டியது எனக்குத் தெரியும். அதனால்தான் கால் ஓர் இடத்தில் நிற்கவில்லை.

போன் என்னைவிட நன்றாக நிறம் பார்க்கும். அதை நம்புகிறேன். ஆனால் அன்றைக்கு எங்களுக்குப் பிழைத்தது கண் இல்லை.

என்னை இந்த வேலைக்கு எடுத்தது ஐஸுக்காக. போர் முடிந்து சனங்கள் திரும்பி வரத் தொடங்கிய காலம். நான் ஒரு மீன்வாடியில் ஐஸ் உடைத்துப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள், அப்போது ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பாக இருந்த நிர்மலா மிஸ் வாடிக்கு வந்தார். வெள்ளைச் சப்பாத்து. மணிக்கூட்டை மணிக்கட்டின் உட்பக்கம் திருப்பிக் கட்டியிருந்தார்.

"காலமை வைச்ச ஐஸ் பொழுதுபடுமட்டும் கரையாமல் பெட்டி கட்டத் தெரிஞ்ச ஆள் இஞ்ச ஆர்?"

எல்லாரும் என்னைக் காட்டினார்கள். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"எத்தினை மணித்தியாலம் நிக்கும்?"

"உமி போட்டுச் சாக்குச் சுத்தினா பத்து மணித்தியாலம் நிக்கும் மிஸ். என்ன மீன்?"

"மீன் இல்லை. கடுதாசி."

வாடி முழுக்கச் சிரித்தது. "கடுதாசி நாறுமோ மிஸ்?" என்று வாடி முதலாளி சம்மாட்டியார் கேட்டார்.

"நாறாது. ஆனா மீனை விடக் கெதியாப் பழுதாப் போகும்" என்றார். அவர் சிரிக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை நான் அங்கே வேலைக்குப் போனேன்.

முதல் இரண்டு வருடம் பற்றி எழுத அதிகம் இல்லை. பெட்டி தூக்கினேன். போத்தல் கழுவினேன். பிறகு தாள் வெட்டினேன். பிறகு தாள் பார்க்கப் பழகினேன். மிஸ் எனக்குப் படிப்பித்தது ஒரு முறைதான். அதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"நொதியம் எண்டது உயிர் இல்லை அண்ணை. உயிருள்ள உடம்பில இருந்து எடுத்த ஒரு சாமான். அதுக்கு ஒரேயொரு வேலைதான் தெரியும், வெட்டுறது. இந்தச் சிவப்பு வட்டத்தில இருக்கிற பொருளை அது வெட்டினா நீலம் வரும். பூச்சிமருந்து என்ன செய்யும் எண்டா, நொதியத்தின்ர கையைப் பிடிச்சு வைச்சிரும். பூச்சியின்ர உடம்புக்குள்ளயும் அதைத்தான் செய்யுது, பூச்சி சாகுது. எங்கட தாளில கையைப் பிடிச்சா நீலம் வராது."

"அப்ப நீலம் வந்தா நல்ல தண்ணி."

"இந்த மருந்து இல்லை எண்டு அர்த்தம்."

"வராட்டிக் கூடாத தண்ணி."

"வராட்டி, நீலம் வரேல்லை எண்டு எழுதுங்கோ. கூடாத தண்ணி எண்டு எழுதாதேங்கோ. தாள் சொன்னதை மட்டும்தான் நாங்கள் சொல்லலாம்."

தாள் என்பது ஒரு விரல் அகலத் துண்டு. ஒரு தலைப்பில் வெள்ளை வட்டம், மற்றத் தலைப்பில் சிவப்பு வட்டம். கந்தோரில் கடிதத்துக்கு ஓட்டை போடும் மெசினால்தான் வட்டம் வெட்டினோம். வெள்ளை வட்டத்துக்கு நொதியக் கரைசலில் ஒரு துளி விடுவோம். கை நடுங்கினால் இரண்டு துளி விழும், அது கழிவு. காற்றாடிக்குக் கீழே காயவைத்து, ஈரம் உட்புகாத உறைக்குள் பத்துப் பத்தாக வைத்து ஒட்டுவோம். பெரிய மெசின் வைத்துப் பார்ப்பதற்குக் கொழும்புக்குத் தண்ணீர் அனுப்ப வேண்டும், வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இந்தத் தாள் கிணற்றுக்கட்டிலேயே கால் மணித்தியாலத்தில் சொல்லிவிடும். ஆனால் வெயிலில் விட்டால் நொதியம் செத்துப்போகும். அதற்குத்தான் ஐஸ்.

கிணற்றடியில் செய்யும் முறை இது. முதலில் எங்கள் தண்ணீர். அதாவது, காய்ச்சி ஆறவைத்த மழைத்தண்ணீரை ஒரு போத்தலில் கொண்டுபோவோம். அதில் ஒரு தாளைப் பார்த்து நீலம் வந்தால்தான் அன்றைக்குத் தாள் உயிரோடு இருக்கிறது என்று பொருள். பிறகு கிணற்றுத் தண்ணீர். வெள்ளை வட்டத்தில் துளி விட்டுப் பத்து நிமிடம் இருக்க வேண்டும். பிறகு தாளை மடித்து, சிவப்பு வட்டம் வெள்ளையில் படும்படி பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் பிடித்து மூன்று நிமிடம் அமத்த வேண்டும். விரலின் சூடுதான் அதற்கு அடுப்பு. பிறகு விரித்துப் பார்க்க வேண்டும்.

என்னிடம் மணிக்கூடு இல்லை. ஒரு நாள் மிஸ் என் வாயைப் பார்த்தார்.

"என்ன சொல்லுறீங்கள் வாய்க்குள்ள?"

"செபம் மிஸ். அருள்நிறைந்த மரியே."

"எத்தினை?"

"பத்து. செபமாலையில ஒரு பத்து, மூண்டு நிமிசம் வரும்."

அவர் கையைத் திருப்பி மணிக்கூட்டைப் பார்த்தார். "திரும்பச் சொல்லுங்கோ." சொன்னேன். முடிந்ததும், "நாலு வினாடி கூட. கொஞ்சம் கெதியாச் சொல்லுங்கோ" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் என்னிடம் மணிக்கூடு பற்றிப் பேசவில்லை.

கடைசியாகப் படிவம் நிரப்ப வேண்டும். கிணறு, நேரம், எங்கள் தண்ணீரின் நிறம், கிணற்றுத் தண்ணீரின் நிறம், மணம், உறை திறந்த திகதி, பார்த்த திகதி. திகதி இல்லாத படிவத்தை மிஸ் கையால் தொடமாட்டார். "திகதி இல்லாட்டி அது முடிவு இல்லை, கதை" என்பார். நிறத்துக்கு நான் சரி போடுவேன். இலக்கம் எழுதுவேன். மணம் என்ற கட்டத்தில் மட்டும் சொல் எழுத வேண்டும். சுற்றி நின்று சனம் என் கையைப் பார்க்கும். நான் அதில் ஒரு கோடு போட்டுவிடுவேன். எப்போதும் கோடுதான். மிஸ் தானே மணந்து பார்க்கிறவர் என்பதால் அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை.

சனங்களுக்கு எங்கள் தாள் எப்போதும் தலைகீழாகத்தான் விளங்கியது. முருங்கனுக்குக் கிட்ட ஒரு வீட்டில் தாளை விரித்தபோது நல்ல நீலம். வீட்டுக்காரர் "ஐயோ! நீலம்!" என்று தலையில் கை வைத்தார். மனைவி அடுப்பில் இருந்த சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் வேலியோரம் கவிழ்த்துவிட்டார். மிஸ் விளக்கிச் சொல்லி முடித்தபோது கோழிகள் பாதிச் சோற்றைத் தின்றுவிட்டன. "அப்ப வெள்ளை எண்டாத்தான் பயப்பிடோணுமோ? இதை முதலே சொல்லியிருக்கலாமே பிள்ளை!" என்று அந்த அம்மா மிஸ்ஸைப் பேசினார். திரும்பி வரும் வழியில் மிஸ் சிரித்தார். நான் அவர் சிரித்துக் கண்டது அன்றைக்குத்தான்.

இனி அந்த ஊர்.

நறுவிலிக்குளத்துக்கு அங்கால் ஒரு குடியிருப்பு. பெயரை எழுதவில்லை. அந்தச் சனம் இன்றும் அங்கே இருக்கிறது. இருபது குடும்பம் இருக்கும். பாதிப் பேர் இந்தியாவில் அகதி முகாமில் இருந்து வந்தவர்கள். மற்றவர்கள் இங்கேயே இடம் மாறி இடம் மாறி அலைந்தவர்கள். குடிக்கிற தண்ணீர் ஒரு கிணற்றில்தான். மற்றக் கிணறு இரண்டும் உப்பு.

இராசையா இங்கேயே அலைந்தவர்களில் ஒருவர். எல்லாருக்கும் முதல் வந்து, பற்றைக்காடாகிக் கிடந்த வயலை வெட்டித் துப்புரவாக்கி விதைத்தவர். கிணற்றுக்குக் கிட்ட இருந்தது அவருடைய வயல். எங்களைக் கூப்பிட்டதும் அவர்தான். ஒரு நாள் சைக்கிளில் ஆய்வுகூடத்துக்கே வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். "நான் வயலுக்கு மருந்து அடிக்கிறனான் மிஸ். கிணறு பக்கத்தில. பிள்ளைகள் குடிக்கிற தண்ணி. ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ." அப்படிக் கேட்டு வந்த விவசாயி எனக்குத் தெரிய அவர் ஒருவர்தான்.

நாங்கள் போனது ஒரு வியாழக்கிழமை காலை. மிஸ்ஸுக்குக் கடும் தடிமன். லேஞ்சியை மூக்கில் இருந்து எடுக்கவில்லை. கண் சிவந்திருந்தது. வேறு நாள் போகலாம் என்று டிரைவர் சொன்னார். "அவையள் பாத்துக்கொண்டிருப்பினம்" என்று ஏறிவிட்டார்.

உண்மையாகவே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிணற்றடியைக் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தார்கள். வாளிக்குப் புதுக் கயிறு. பெரியவர், சிறியவர் என்று நாற்பது பேர் வட்டமாக நின்றார்கள். கமலம் என்ற அக்கா முன்னுக்கு வந்து என்னைப் பார்த்து, "வாங்க சார். கிணறு சுத்தமா இருக்கு சார், பாருங்க" என்றார். இந்தியாவில் நெடுங்காலம் முகாமில் இருந்தவர். பேச்சு இன்னும் திரும்பவில்லை.

"சாரோ! அது மன்னார் வாடியில ஐஸ் உடைச்ச அருளப்பு. எனக்குத் தெரியாதே?" என்று சவிரிமுத்து என்ற பெரியவர் சொல்ல, சனம் சிரித்தது. என் காது சுட்டது. நான் வாளியைக் கிணற்றுக்குள் விட்டேன்.

வாளி மேலே வந்தபோது எனக்கு மணம் அடித்தது. பிளீச்சிங் மணம். ஆஸ்பத்திரி விறாந்தையில் வருமே, அது. வாடியை அடித்துக் கழுவிய பிறகு வருமே, அது. மீள்குடியேறிய ஊர்களில் கிணறு இறைத்துப் பிளீச்சிங் போடுவது வழக்கம்தான். எனக்கு அது துப்புரவு மணம். நல்ல கிணறு என்று நினைத்தேன்.

மிஸ் குனிந்து வாளிக்கு மேலே மூக்கை வைத்தார். ஒன்றும் பிடிபடவில்லை. தலையை ஆட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"மணம்?"

நாற்பது பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஒண்டுமில்லை மிஸ்" என்றேன்.

பிளீச்சிங் மணத்தை ஒரு மணமாக நான் கணக்கெடுக்கவில்லை என்று எனக்கு நானே பல வருடம் சொல்லிக்கொண்டேன். அது அரைவாசி உண்மை. மற்ற அரைவாசி இது. "பிளீச்சிங் மணம் கொஞ்சம் இருக்கு மிஸ்" என்றால், அத்தனை பேருக்கு முன்னால் வாய் திறந்து ஐந்து சொல் சொல்ல வேண்டும். யாராவது ஏதாவது கேட்டால் இன்னும் சொல்ல வேண்டும். "ஒண்டுமில்லை" என்றால் அதோடு முடிந்தது.

படிவத்தில் கோடு போட்டேன்.

எங்கள் தண்ணீருக்கு நல்ல நீலம் வந்தது. தாள் உயிரோடு இருக்கிறது. கிணற்றுத் தண்ணீருக்கு வெள்ளை. இன்னொரு தாள் எடுத்தேன். வெள்ளை. மூன்றாவதை மிஸ் தன் விரலிலேயே பிடித்தார். நான் பக்கத்தில் நின்று பத்தும் சொல்லி முடித்தேன். விரித்தார். வெள்ளை. சுட்ட சுண்ணாம்பு மாதிரி வெள்ளை.

"வெள்ளை! ஒண்டுமில்லை!" என்று சின்னப்பிள்ளைகள் கை தட்டினார்கள்.

மிஸ் நிமிர்ந்து நின்று மெதுவாகச் சொன்னார். "நீலம் வரேல்லை. கொழும்புக்கும் தண்ணி அனுப்புறன். அந்த முடிவு வருமட்டும் இதைக் குடிக்கவேண்டாம். பவுசரில தண்ணி வர ஒழுங்கு செய்யிறன்."

சவிரிமுத்து இராசையாவின் பக்கம் திரும்பினார்.

"வயலுக்கு அடிச்சனியோ, இல்லாட்டி எங்களுக்கு அடிச்சனியோ?"

"நான் கிணத்தடியில கழுவேல்லை. மருந்தடிக்கிற மெசினை அங்கால வாய்க்காலிலதான்..."

"கழுவினனிதானே?"

"ஓம்."

"வாய்க்கால் தண்ணி எங்க போறது? ஆகாசத்துக்கோ?"

"ஆர் செய்தது எண்டு தாள் சொல்லாது" என்று மிஸ் குரலை உயர்த்தினார். தடிமனில் குரல் அடைத்திருந்தது. பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. கேட்டவர்களும் கேட்கவில்லை. இராசையா தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய முகத்தை நான் பார்த்தேன். அவரும் நம்பிவிட்டார். தான்தான் செய்தது என்று எல்லாருக்கும் முதல் நம்பியவர் அவர்தான்.

பிறகு நடந்தது எனக்குக் கமலம் அக்கா சொல்லித்தான் தெரியும். அடுத்த நாள் இராசையா கிணற்றுக்கட்டில் வந்து இருந்தாராம். வாளியில் அள்ளி, எல்லாரும் பார்க்க ஒரு செம்பு குடித்தாராம். மத்தியானம் ஒரு செம்பு. பொழுதுபட ஒரு செம்பு. "நான் விழுந்து கிடந்தா விஷம், எழும்பினா நல்ல தண்ணி" என்றாராம். சவிரிமுத்து, "உதெல்லாம் உடன கொல்லாது, வருசக்கணக்கில அரிச்சரிச்சுத்தான் கொல்லும்" என்றாராம். சனிக்கிழமையும் குடித்தார். ஞாயிறும் குடித்தார். ஒருவரும் அவரோடு கதைக்கவில்லை. தாய்மார் பிள்ளைகளைக் கையில் பிடித்து அவருடைய வேலியைத் தாண்டிக் கூட்டிப்போனார்கள். திங்கட்கிழமை காலை பெண்சாதியையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு, முருங்கனில் மச்சான் வீட்டுக்குப் போய்விட்டார். பயிர் குடலைப் பருவம், கதிர் வெளிவரும் நேரம். இன்னும் சில வாரத்தில் அறுவடை.

இது ஒன்றும் அப்போது எங்களுக்குத் தெரியாது.

எனக்கு அந்த நாட்களில் இருப்புக் கொள்ளவில்லை. ஏன் என்று தெரியவில்லை. சாப்பிட இருந்தால் எழும்புவேன். பூசையில் முழங்காலில் நின்றால் வாளி ஞாபகம் வரும். ஏதோ ஒன்றை எங்கேயோ வைத்துவிட்டு மறந்த மாதிரி.

செவ்வாய்க்கிழமை ஆய்வுகூடத்தில் எங்கள் தண்ணீரைப் பார்த்தேன். நீலம் வரவில்லை. உறை பழுதாக்கும் என்று புது உறை எடுத்தேன். வரவில்லை. மிஸ் வந்து பார்த்தார். வேறு போத்தலில் இருந்த தண்ணீரில் பார்த்தார். நீலம்.

"தாளில பிழையில்லை. இந்தப் போத்தலிலதான் ஏதோ. என்னத்தால கழுவினனீங்கள்?"

ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி மகள் கோயிலில் முதல் நன்மை வாங்கிய சாப்பாட்டுக்கு மீன் கொண்டுபோக, ஆய்வுகூடத்து ஐஸ் பெட்டியை ஒருவருக்கும் சொல்லாமல் எடுத்திருந்தேன். மீன் மணம் போகத் திங்கட்கிழமை வாடியில் செய்கிற மாதிரிப் பிளீச்சிங் கரைத்துப் பெட்டியைக் கழுவினேன். அதே வாளியில் அந்தப் போத்தலையும் முக்கி எடுத்தேன். சரியாக அலசவில்லை.

பெட்டி எடுத்த கதையைச் சொல்ல எனக்கு மத்தியானம் ஆகியது. சொன்னேன். மிஸ் பெட்டியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"பிளீச்சிங்கோ?" என்றார். கதிரையில் இருந்து எழும்பினார். "அது நொதியத்தின்ர கையைப் பிடிக்காது அண்ணை. அடிச்சே கொல்லும். நிறம் வராது. பாக்கிறவைக்கு ரெண்டும் ஒண்டுதான்." பிறகு என் பக்கம் திரும்பினார். "வியாழக்கிழமைக் கிணறு."

நான் அப்போது சொல்லியிருக்கலாம். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். நாற்பது பேர் இல்லை.

புதன்கிழமை விடிந்ததும் போனோம். மிஸ் கிணற்றடியில் நின்று, "கிணத்துக்கு ஆராவது பிளீச்சிங் போட்டனீங்களோ?" என்று கேட்டார். கமலம் அக்கா சந்தோசமாக முன்னுக்கு வந்தார்.

"நான்தாங்க போட்டேன். நீங்க வர்ற அன்னிக்கு விடியக் காலமை. பால்மா டின்னால ஒரு டின்."

"ஒரு டின்னோ? ஏன் அம்மா?"

"அதிகாரிங்க பாக்க வாறாங்க இல்லையா! முகாம்ல கலெக்டர் வாறார்னா முதல் நாளே எங்களுக்குப் பவுடர் குடுப்பாங்க. கக்கூஸ், வாய்க்கா, தண்ணித் தொட்டி எல்லாத்துக்கும் போடணும். போடாட்டி ஏச்சு விழும். நம்ம ஊருக்கு முதல் முதலா அதிகாரி வாறாங்க, ஊரு மானம் போகக் கூடாதில்ல?"

மிஸ் எங்கள் தண்ணீரில் ஒரு தாள் பார்த்தார். நீலம். அதே தண்ணீரில் கமலம் அக்காவின் டின்னில் மிச்சம் இருந்த பவுடரில் ஒரு கிள்ளுப் போட்டுக் கலக்கி இன்னொரு தாள் பார்த்தார். வெள்ளை. பிறகு கிணற்றில் அள்ளச் சொன்னார். ஆறு நாள் வெயிலில் மணம் போயிருந்தது. நான் தாளைப் பிடித்தேன். பத்துச் செபத்தில் எத்தனையாவதில் நின்றேன் என்று தெரியாமல் திரும்பவும் முதலில் இருந்து சொன்னேன். விரித்தேன். நீலம். எல்லாருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்தேன்.

கமலம் அக்கா சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். "அப்ப அவரு?" என்றார்.

"திங்கள் காலமை போயிட்டான்" என்று சவிரிமுத்து மிஸ்ஸிடம் சொன்னார்.

திரும்பும்போது மிஸ் முன் ஆசனத்தில் இருந்தார். பாலம் தாண்டினோம். பிறகு முன்னுக்குப் பார்த்தபடியே, "அண்டைக்கு எனக்குத் தடிமன். மணம் பிடிக்க ஏலாத ஆள் கிணறு பாக்க வந்திருக்கக் கூடாது. பிழை என்ர. அப்பிடித்தான் எழுதப்போறன்" என்றார். அதோடு நிறுத்தினார். கொஞ்ச நேரம் விட்டுவைத்தார். எனக்காகத்தான் விட்டுவைத்தார் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். நான் வெளியே பார்த்தேன். ரோட்டோரம் கழுதைகள் நின்றன. அவற்றை எண்ணிக்கொண்டு வந்தேன்.

அவர் அப்படியே எழுதினார். கொழும்பு முடிவும் பிறகு வந்தது. அதிலும் மருந்து இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தனியே பஸ் ஏறி முருங்கனுக்குப் போனேன். இராசையா ஓர் அரிசி ஆலையில் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். உமித் தூசியில் தலை வெள்ளையாக இருந்தது. வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனதைச் சொன்னேன்.

"அண்ணை, கிணத்தில மருந்து இல்லை. பிளீச்சிங்தான் தாளைக் கெடுத்தது."

மூட்டையில் இருந்துவிட்டார். "இல்லையோ?"

"இல்லை அண்ணை."

"மூண்டு நாள் குடிச்சனான் தம்பி. வயிறு எரிஞ்சுது. சரி, அதுதான் விஷம் எண்டு நினைச்சன். கமலத்தின்ர பவுடரோ!" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே தோள் துண்டால் கண்ணைத் துடைத்தார். துண்டிலும் உமித் தூசிதான். பிறகு சிரிப்பு நின்றது. யோசித்தார்.

"பிளீச்சிங் எண்டா மணக்குமே. செம்பில எனக்கே மணந்தது, வழமையாப் போடுறதுதானே எண்டு விட்டிட்டன். தண்ணி அள்ளினது நீதானே. அண்டைக்கு உனக்கு மணக்கேல்லையோ?"

"இல்லை அண்ணை" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "சரி தம்பி. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றார். குடித்தேன்.

பயிரை ஊரவர்களே சேர்ந்து அறுத்து, நெல்லை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். சவிரிமுத்துதான் மூட்டையோடு போனாராம். அடுத்த போகத்துக்கு இராசையா வயலுக்கு வந்தார். இன்றும் செய்கிறார். ஆனால் குடியிருக்க வரவில்லை. காலையில் முருங்கனில் இருந்து சைக்கிளில் வருவார், பொழுதுபடப் போவார். குடிக்கிற தண்ணீரைப் போத்தலில் கட்டிக்கொண்டு வருவாராம்.

நிர்மலா மிஸ் பிறகு இடம் மாறிப் போனார். போகும்போது அந்த மணிக்கூட்டை எனக்குத் தந்தார். நான் அதை உட்பக்கம் திருப்பித்தான் கட்டுகிறேன்.

போன மாதம் ஜெனிற்றா வீட்டுக்கு வந்தார். பழைய படிவங்களைக் கணினியில் ஏற்றுகிறார்களாம். ஒரு கட்டை விரித்துக் காட்டினார்.

"அண்ணை, முதல் வருசங்களில மணம் எண்ட இடத்தில எல்லாம் கோடு. பிறகு வந்ததில ஒரு கோடுகூட இல்லை, எல்லாத்திலயும் எழுதியிருக்கிறீங்கள். இந்தக் கோடு எண்டா என்ன? மணம் இல்லை எண்டோ? இல்லாட்டிப் பாக்கேல்லை எண்டோ? கணினியில ரெண்டில ஒண்டுதான் போடலாம்."

"நாளைக்குச் சொல்லுறன்" என்றேன். அவர் போனதும் கொப்பியை எடுத்தேன்.

மற்றக் கோடுகளுக்கு எனக்குப் பதில் தெரியாது ஜெனிற்றா தங்கச்சி. அவற்றைப் பார்க்கவில்லை என்றே போடுங்கள். அந்த வியாழக்கிழமைப் படிவத்தில் உள்ள கோட்டுக்குத் தெரியும். அதை இங்கே நிரப்பித் தருகிறேன். இதில் ஒரு பிரதியை நிர்மலா மிஸ்ஸுக்கு அனுப்பிவிடுங்கள். இராசையா அண்ணைக்கு நான் நேரில் போய் வாசித்துக் காட்டுவேன்.

எங்கள் தண்ணீர்: நீலம்.
கிணற்றுத் தண்ணீர்: நீலம் வரவில்லை.
மணம்: இருந்தது. பிளீச்சிங். அள்ளியவனுக்கு மணந்தது. கேட்டபோது சொல்லவில்லை.
எழுதியவர்: அ. அருளப்பு.
எழுதிய திகதி: 2021 கார்த்திகை 9.